ஆளுக்கொரு மூச்சு

1969ஆம் வருஷம் தை பிறந்தபோது காரைக்குடியில் இரண்டு பேச்சுதான். ஒன்று, ஹாங்காங் காய்ச்சல் மெட்ராஸ் வரைக்கும் வந்துவிட்டது என்பது. இன்னொன்று, இந்த வருஷம் வாலிபால் போட்டிகள் நடக்குமா நடக்காதா என்பது.

காய்ச்சலை ஊரில் யாரும் நேரில் பார்த்ததில்லை. பேப்பரில் படித்திருந்தார்கள், ரேடியோவில் கேட்டிருந்தார்கள். அதுவே போதும் என்றிருந்தது. பஸ்ஸில் யாராவது தும்மினால் பக்கத்து இருக்கை காலியாயிற்று. பிள்ளைகளின் கழுத்தில் சூடத்தைத் துணியில் முடிந்து கட்டினார்கள். மெட்ராஸ் அணிகள் வர வேண்டாம் என்று தேவகோட்டைப் போட்டிக் கமிட்டி தந்தி அடித்தது. சிங்கம்புணரியில் போட்டியை மாசிக்குத் தள்ளினார்கள். திருப்பத்தூர்க் கமிட்டி இரண்டு முறை கூடி, இரண்டு முறையும் ஒன்றும் முடிவு செய்யாமல் கலைந்தது.

ஊர் நூல் மில்லின் வாலிபால் அணிக்கு இது சோற்றுப் பிரச்சினை. அந்த ஆறு பேரும் பெயருக்குத்தான் மில் தொழிலாளிகள். தையிலிருந்து பங்குனி வரை ஊர் ஊராகப் போய் ஆடுவதுதான் அவர்களுக்கு வேலை. கோப்பையைக் கொண்டுவந்து மானேஜர் அறைக் கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டும், மாதம் பிறந்தால் சம்பளம் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஆடாத டீமுக்கு எதுக்குய்யா சம்பளம்?" என்று மானேஜர் சிதம்பரம் பொங்கலன்றே கேட்டுவிட்டார். "மெஷின்ல நூலு அந்துபோனா, முடி போடத் தெரியுமா ஒங்கள்ல ஒருத்தனுக்காச்சும்?"

ஒருவனுக்கும் தெரியாது.

அணியில் மாயக்கண்ணன் ஒருவன். வலைக்கு மேலே எழும்பி அடிப்பவன். அவனுடைய தங்கை வள்ளிக்கண்ணு முந்தின சித்திரையில்தான் விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். பரீட்சைத் தாளில் எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவாள். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தை முதல் வாரத்தில் அப்பாவோடு மெட்ராஸுக்கு ஒரு இன்டர்வியூவுக்குப் போனாள். ஆய்வுக்கூட உதவியாளர் வேலை. கொசுவைப் பற்றி மூன்று கேள்வி கேட்டார்கள். மூன்றுக்கும் பதில் தெரியும். மூன்றுக்கும் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள்.

மெட்ராஸிலிருந்து அவள் கொண்டுவந்தது இரண்டு. ஒன்று, அண்ணன் வாங்கிவரச் சொன்ன பந்து பிளாடர். இன்னொன்று தொண்டைக் கரகரப்பு.

சனிக்கிழமை காலை ரயிலிலிருந்து இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை உடம்பு அடித்துப் போட்டதுபோல வலித்தது. இரவு கொஞ்சம் சுட்டது. அதுவாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தாள். அதைச் சொன்னால் மெட்ராஸுக்குப் போனதே தப்பு என்று வீட்டில் ஆரம்பிப்பார்கள். ரயில் புகை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மிளகு தட்டிப் போட்டு இரண்டு வேளை கஷாயம் குடித்தாள். திங்கட்கிழமை காலையில் உடம்பு வலி போயிருந்தது. தொண்டை மட்டும் மிச்சம்.

அன்று மாலை தேவகோட்டையில் முதல் ஆட்டம். பஸ்ஸுக்கு முன்னால் அணி முழுவதும் மாயக்கண்ணன் வீட்டில் கூடும். வருஷத்தின் முதல் பந்தை அங்கே வைத்துத்தான் கட்டுவது வழக்கம்.

தோல் பந்துக்குள் ரப்பர் பிளாடர் ஒன்று இருக்கும். அதற்கு விரல் நீளத்தில் ஒரு காம்பு. அதன் வழியே காற்றடித்து, முறுக்கி, நூல் சுற்றி, உள்ளே தள்ளி, தோலை நாடா கோத்து இறுக்குவார்கள். எல்லா அணியும் பம்பில் அடிக்கும். மில் அணி மட்டும் முதலில் வாயால் ஊதும். ஆறு பேர், ஆளுக்கொரு மூச்சு. மிச்சத்துக்கு சைக்கிள் பம்பு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் திருப்பத்தூரில் பம்பு உடைந்துபோய் வேறு வழியில்லாமல் இப்படி ஊதி ஆடி ஜெயித்தார்களாம். அன்றிலிருந்து நம் மூச்சு உள்ளே இருக்கிற பந்து நம்மை விட்டுப் போகாது என்பது காப்டன் முத்தப்பனின் கட்சி.

ஊருக்கு அது ஒரு அதிசயம். டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்து குடிக்கிற ஊர் இது. பிறர் வாய் வைத்த பண்டத்தைச் சொந்தக்காரர்களே தொட மாட்டார்கள். ஆறு வெவ்வேறு தெருக்காரர்கள் ஒரே காம்பில் வாய் வைக்கிறார்கள் என்றால் சும்மாவா? சிலர் மெச்சினார்கள். சிலர் மூக்கைச் சுளித்தார்கள். முத்தப்பன் இரண்டையும் சட்டை செய்யவில்லை.

புது பிளாடரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை வள்ளிக்கண்ணுக்கு. அன்று காலை அவள் அதை வாயால் ஊதினாள். இரண்டு மூச்சு. காம்பை மடித்துப் பிடித்து வாளித் தண்ணீரில் அமுக்கினாள். குமிழி வரவில்லை. துடைத்து, காம்பில் ஒரு நூலைச் சுற்றி, காற்றோடு அப்படியே முற்றத்தில் வைத்தாள்.

எட்டு மணிக்கு வந்தார்கள். முத்தப்பன், காளிதாஸ், சோமு, பெத்தன், கடைசியில் சோணை. சோணைக்குப் பத்தொன்பது வயது, அணிக்குப் புதுசு. சிங்கம்புணரிப் பக்கம் ஒரு கிராமத்தில் அவன் அப்பா மலையாண்டி கூலிக்கு உழுகிறவர். வற்றிய கண்மாய்க்குள் பையன்கள் வலைக்குப் பதில் கயிறு கட்டி ஆடிக்கொண்டிருந்தபோது முத்தப்பன் பஸ்ஸிலிருந்து பார்த்து, இறங்கி, பிடித்துக்கொண்டு வந்தான்.

அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். ஐந்து எவர்சில்வர் டம்ளர், ஒரு கண்ணாடி டம்ளர். கண்ணாடி யாருக்கு என்று அம்மா சொல்லவில்லை. சோணை தானாகவே அதை எடுக்கக் குனிந்தான். முத்தப்பன் முந்திக்கொண்டு எடுத்துக் குடித்துவிட்டான்.

"கண்ணாடியில குடிச்சாத்தான் காபி கலரு தெரியுதுத்தா" என்றான் அம்மாவைப் பார்த்து. அம்மா உள்ளே போய்விட்டாள்.

"சரி, புது ஆளுதான் முதல் மூச்சு. சோணை, வாடா" என்றான் முத்தப்பன்.

"நான் கடைசியில ஊதுறேண்ணே."

"ஏன்?"

"இல்லண்ணே… எனக்கப்பறம் நீங்கள்லாம் வாய் வைக்கணும்ல."

"அதுக்குத்தான்டா ஒன்ன முதல்ல ஊதச் சொல்றேன். எச்சி பாக்குறவன் எவனாச்சும் இருந்தா இப்பவே எந்திரிச்சுப் போயிரட்டும்."

"போறவன் அவன் இட்லிய இங்குட்டு வச்சிட்டுப் போகட்டும்" என்றான் பெத்தன். அவனுக்கு எந்த நேரமும் பசி.

சோணை நூலைப் பிரித்தான். காம்பை வாயில் வைத்ததும் உள்ளேயிருந்த காற்று சீறிக்கொண்டு அவன் வாய்க்குள் போனது. கன்னம் உப்பி, கண் பிதுங்கி, இருமினான்.

"ஏய், உள்ளுக்குள்ள முன்னாடியே யாரோ ஒரு ஆளு இருக்காகண்ணே!"

முற்றமே சிரித்தது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்ற வள்ளிக்கண்ணும் சிரித்தாள். அது நான் ஊதிப் பார்த்த காற்று, அதை விட்டுவிட்டு ஊதுங்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆறு ஆண்பிள்ளைகள். வாய் வரவில்லை. சோணை மறுபடி வாய் வைத்து நிறைய ஊதினான். பிறகு பெத்தன், சோமு, காளிதாஸ், மாயக்கண்ணன். காம்பை வேட்டி நுனியால்கூடத் துடைக்காமல் கை மாற்றினார்கள். முத்தப்பன் கடைசி மூச்சை ஊதிக் கட்டினான்.

அதற்குமேல் நடந்ததை மாயக்கண்ணன் பிறகு சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

தேவகோட்டையில் மைதானத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சுகாதார ஊழியர் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போனால் ஆட்டக்காரனாக இருந்தாலும் சரி, அம்பயராக இருந்தாலும் சரி, வெளியே. ஆறு பேருக்கும் சரியாக இருந்தது. "எனக்குக் காச்சல் இல்லங்க, பசிதான். அதுக்கு ஏதும் குச்சி வச்சிருக்கீகளா?" என்று பெத்தன் கேட்டானாம். பார்க்க வந்தவர்கள் வழக்கத்தில் பாதி. இருமல் வந்தவர்கள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அன்று சோணை போட்ட சர்வீஸில் எதிரணி தொடர்ந்து ஒன்பது புள்ளி இழந்தது. மில் அணி இரண்டு செட்டிலும் ஜெயித்தது. கமிட்டிக்காரர்களுக்கு உயிர் வந்தது. காய்ச்சலாவது ஒன்றாவது என்று பேசிக்கொண்டே போனார்கள்.

அணிகள் தேவகோட்டைப் பள்ளிக்கூடத்திலேயே தங்கியிருந்தன. செவ்வாய்க்கிழமை மில் அணிக்கு ஆட்டமில்லை. அன்று இரவே சோணைக்கு நடுக்கம் கண்டது. புதன் காலை எழுந்திருக்க முடியவில்லை. வியாழக்கிழமை பெத்தனும் மாயக்கண்ணனும் காளிதாஸும். மாலையில் முத்தப்பன். சோமு மட்டும் தப்பினான். அதற்குள் கூடத் தங்கியிருந்த வேறு இரண்டு அணிகளில் ஒன்பது பேர் படுத்துவிட்டார்கள். பள்ளிக்கூட வகுப்பறைகளில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வரிசையாகக் கிடந்தார்கள், நேற்றுவரை வலைக்கு மேலே இரண்டு முழம் எழும்பியவர்கள். கமிட்டி போட்டியை நிறுத்தியது. சனிக்கிழமை மேலிடத்து உத்தரவு வந்தது. பங்குனி முடியும்வரை எந்த ஊரிலும் எந்தப் போட்டியும் கூடாது.

ஒரு காய்ச்சலில் ஒரு வருஷத்து ஆட்டம் முடிந்துவிட்டது.

மாயக்கண்ணன் ஐந்து நாளில் எழுந்து உட்கார்ந்தான். மற்றவர்களும் அப்படித்தான். முத்தப்பனுக்கு மட்டும் நெஞ்சில் கட்டிக்கொண்டது. நிமோனியா என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பேச்சு மூச்சு இல்லை. நாலாம் நாள் கண்ணைத் திறந்தான். உயிருக்குப் பயமில்லை, ஆனால் ஒரு பக்க நுரையீரல் கெட்டுவிட்டது, இனிமேல் பந்துப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் அவன் மனைவி கண்ணாத்தாளிடம் சொன்னார்.

யார் கொண்டுவந்தது என்ற கேள்விக்கு ஊர் அதற்குள் பதில் வைத்திருந்தது. முதலில் படுத்தவன் யார்? சோணை. முதல் மூச்சு ஊதியவன் யார்? சோணை. போதாதா? அவன் மாமன் மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறானாம் என்றார் ஒருவர். மாமனே கிடையாது அவனுக்கு. மலையாண்டிக்கு டீக்கடையில் டீ இல்லை என்றுவிட்டார்கள். உடம்பு தேறியதும் சோணை முத்தப்பனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கண்ணாத்தாள் அவனை வாசற்படி ஏற விடவில்லை.

"அங்குட்டே நில்லு. ஒன் எச்சியில வாய் வச்சுத்தான் எம் புருசன் இப்படிக் கிடக்காக."

சோணை அங்கேயே நின்றான். மூன்று நாள், காலையிலிருந்து மாலை வரை, கேட்டுக்கு வெளியே.

"அன்னைக்கே நெனச்சேன்" என்றாள் வள்ளிக்கண்ணுவின் அம்மா, படுத்தபடியே. "யாரு எச்சிய யாரு திங்கிறதுன்னு ஒரு கணக்கு வேணாமா? எனக்கே ஒரு வாரமா எந்திரிக்க முடியல."

வள்ளிக்கண்ணு கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

ஒரு வாரமாக. அம்மா என்றைக்குப் படுத்தாள்?

செவ்வாய்க்கிழமை. வற்றல் காயப்போட்ட வெயில் என்று சொல்லிக்கொண்டு படுத்தாள். அணி அப்போது தேவகோட்டையில் இருந்தது. சோணைக்குக் காய்ச்சல் கண்டதே அன்று இரவுதான்.

கஞ்சியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பழைய செய்முறை நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து கோடு போட்டாள். இடது பக்கம் பெயர், வலது பக்கம் நாள். கல்லூரியில் பழகிய பழக்கம். மனசு குழம்பினால் கட்டம் போடு, கட்டம் பொய் சொல்லாது என்று இருந்துவிடுவாள்.

பெத்தன், வியாழன். மாயக்கண்ணன், வியாழன். காளிதாஸ், வியாழன். முத்தப்பன், வியாழன் மாலை. சோணை, செவ்வாய் இரவு. அம்மா, செவ்வாய் காலை.

அம்மாவுக்கு மேலே ஒரு வரி காலியாக இருந்தது. பேனா அங்கே போய் நின்றது. வெகு நேரம் நின்றது. மை கசிந்து ஒரு பொட்டு ஆயிற்று.

வள்ளிக்கண்ணு, ஞாயிறு.

எழுதிவிட்டு அதைப் பார்த்தாள். அது தன் பெயர் மாதிரியே தோன்றவில்லை. மறுபடி படித்தாள். ஞாயிறு காய்ச்சல். திங்கள் காலை பிளாடர். இரண்டு மூச்சு. வாளித் தண்ணீரில் நனைந்தது வெளிப்பக்கம் மட்டும். உள்ளே இருந்தது அவளுடைய காற்று. அதை வாயில் வாங்கியவன் சோணை. அதனால்தான் அவனுக்கு மற்றவர்களுக்கு முன்னால் வந்தது. காம்பு அப்புறம் ஐந்து வாய்க்குப் போயிற்று. ஊர் பஸ்ஸையும் ரயிலையும் காவல் காத்தது. சுகாதார ஊழியர் வாய் வாயாகக் குச்சி வைத்துப் பார்த்தார். காய்ச்சல் பந்துக்குள் உட்கார்ந்துகொண்டு அவர் முன்னாலேயே மைதானத்துக்குள் போனது.

 அழுகை வரவில்லை. எழுந்து கொல்லைக்குப் போய்க் கையைக் கழுவினாள். எதற்குக் கழுவுகிறோம் என்று பாதியில் தெரிந்தது. இருந்தாலும் முழுவதும் கழுவினாள்.

மாயக்கண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனிடம்தான் முதலில் சொன்னாள். நோட்டைக் காட்டினாள்.

அவன் படித்துவிட்டு நோட்டை மூடினான். கதவுப் பக்கம் பார்த்தான்.

"வேற யாருட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

"அண்ணே, சோணை…"

"எனக்குத் தெரியும். நாளைக்கு அவன் பேரை அடிக்கிறாக. மானேஜர் சொல்லிவிட்டாரு. ஒருத்தன அனுப்பிச்சுட்டா ஊரு வாய் மூடிரும், மத்த அஞ்சு பேரையும் வச்சுக்கிரலாம்னு கணக்கு."

"அவனுக்கு வேற வேலை இல்ல."

"எனக்கு இருக்கா?" அவன் குரல் உயர்ந்தது. இருமினான். இருமல் அடங்கியதும் மெல்லச் சொன்னான். "ஒன்னய எவன் கட்டுவான்? முத்தப்பண்ணன் நெஞ்சைக் கெடுத்தவளுன்னு பேராயிரும். வேணும்னா பண்ணுன? தெரியாமத்தான நடந்துச்சு."

"அவனும் தெரியாமத்தான ஊதுனான்."

மாயக்கண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். 

மறுநாள் பத்து மணிக்கு வள்ளிக்கண்ணு மில்லுக்குப் போனாள். இன்டர்வியூவுக்குக் கட்டிய அதே சேலை. கையில் நோட்டு. கேட்டருகில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் சோணை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முகம் ஒட்டிப்போயிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"அண்ணன் எப்படிக்கா இருக்காக? கஞ்சி குடிக்காகளா?"

தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

மானேஜர் அறையில் பெத்தனும் சோமுவும் சுவரோரமாக நின்றார்கள். கண்ணாத்தாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். புருஷனுக்கு லீவு கேட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்காக வந்தவள். காலடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற தூக்குவாளி இருந்தது. மேஜையில் மில்லின் ஆள் பதிவேடு விரிந்திருந்தது. மானேஜர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, மாயக்கண்ணன் தங்கச்சிதான நீ? அண்ணன் வரலையா?"

வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. மேஜையைப் பார்த்தாள். பேனா முனை பதிவேட்டின்மேல் இறங்குவதைப் பார்த்தாள்.

"சோணை இல்லய்யா" என்றாள்.

"என்ன?"

"காய்ச்சல் சோணைகிட்டயிருந்து வரல. என்கிட்டயிருந்து வந்தது."

மெட்ராஸ், ஞாயிற்றுக்கிழமை, பிளாடர், வாளி, அம்மாவின் செவ்வாய்க்கிழமை. ஒன்றுவிடாமல் சொன்னாள்.  நடுவில் ஒருமுறை குரல் நின்றுபோயிற்று. நோட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். கடைசியில் நெற்றி வேர்த்துவிட்டது.

மானேஜர் நோட்டைப் பார்க்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். கோபமில்லாத, அப்பா மாதிரியான சிரிப்பு.

"நீ படிச்ச பொண்ணும்மா. நல்ல மனசு. ஆனா ஒரு பய மேல எரக்கப்பட்டு இப்படி ஒரு பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிரலாமா? ஒங்க வீடு எனக்குத் தெரியாதா? குளிக்காம அடுப்படிக்குள்ள கால் வைக்காத வீடு. அந்த வீட்டு எச்சியில நோய் வருமா?"

"வரும்யா. யாரு எச்சின்னாலும் வரும்."

"வராதும்மா. போ. அண்ணனுக்கு நேரத்துக்கு மருந்து குடு."

பெத்தன் தலையைக் குனிந்துகொண்டான். மானேஜர் பேனாவை மறுபடி எடுத்தார். வள்ளிக்கண்ணு திகைத்து நின்றாள். சொன்னால் நம்பிக் காறித் துப்புவார்கள் என்று இரவெல்லாம் பயந்திருந்தாள். சொன்ன பிறகும் நம்ப மாட்டார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. உண்மை மேஜைமேல் திறந்து கிடக்கிறது, அதைத் தள்ளி வைத்துவிட்டு மானேஜர் சோணை பெயரை அடிக்கப் போகிறார்.

கண்ணாத்தாள் எழுந்தாள்.

"வள்ளி, இங்க பாரு. நீ சொல்றது நெசமா?"

"நெசம் மதினி."

"ஒங்கம்மா செவ்வாக்கிழமையே படுத்துருச்சா?"

"ஆமா மதினி. காலையிலயே."

"ஒனக்கு அதுக்கு முன்னாடி."

"ஆமா."

கண்ணாத்தாள் ஓங்கி அறைந்தாள்.

 வள்ளிக்கண்ணு ஒரு அடி பின்னால் போய் அலமாரியில் முட்டிக்கொண்டாள். உள்ளே கோப்பைகள் கிணுகிணுத்தன. கன்னம் பற்றி எரிந்தது. அந்த எரிச்சலோடு ஒன்று புரிந்தது. இந்த அறையில் அவளை நம்பியது இந்த ஒருத்திதான்.

"என்னம்மா இது!" மானேஜர் எழுந்துவிட்டார். "ஆபீஸ்ல வந்து…"

கண்ணாத்தாள் அடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். 

"மூணு நாளு" என்றாள். "மூணு நாளு அந்தப் பயல வெயில்ல நிறுத்தி வச்சேன். தண்ணி வேணுமான்னு ஒரு வார்த்தை கேக்கல. இவுக உள்ளயிருந்து, சோணை வந்தானா, சோணை வந்தானான்னு கேக்காக. வரலன்னு சொன்னேன்."

மேஜைப் பக்கம் திரும்பினாள்.

"பேரை அடிக்காதீக" என்றாள் மானேஜரிடம்.

"அது எப்படிம்மா? இந்தப் பொண்ணு சொல்றத வச்சு…"

"அடிக்கணும்னா ஆறு பேர் பேரையும் அடிங்க. முதல்ல எம் புருசன் பேரை அடிங்க. ஊதச் சொன்னது அவுகதான்."

"எம் பேரையும் அடிங்கய்யா" என்றான் பெத்தன் சுவரோரத்திலிருந்து. குரல் வெளியே வந்ததில் அவனே திடுக்கிட்டதுபோல இருந்தது. சோமு அவனைப் பார்த்தான். பிறகு அவனும் தலையை ஆட்டினான்.

மானேஜர் இருவரையும் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். நோட்டை மட்டும் கடைசிவரை பார்க்கவில்லை. பேனாவுக்கு மூடியைப் போட்டார்.

"பங்குனி வரைக்கும் போட்டியே கிடையாது. அதுவரைக்கும் இருக்கட்டும். பொறவு பாக்கலாம். போங்க எல்லாரும்."

அவர் சொன்னது அவ்வளவுதான். சோணை பெயர் பதிவேட்டில் இருந்தது. பங்குனிக்கு அப்புறம் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. முத்தப்பன் இனி ஆடப் போவதில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கண்ணாத்தாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வள்ளிக்கண்ணு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனாள். வெளியே வெயிலில் கண் கூசியது.

சோணை எழுந்து நின்றான். கண்ணாத்தாளைக் கண்டதும் இரண்டு அடி பின்வாங்கினான்.

"எங்குட்டுப் போற? வா இங்க." கண்ணாத்தாள் தூக்குவாளியை நீட்டினாள். "ஒங்கண்ணனுக்குக் கஞ்சி. எனக்குக் கை வலிக்குது. நீ கொண்டா."

அவன் அதைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கைகளை வேட்டியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாங்கினான்.

மூவரும் ரோட்டுக்கு வந்தார்கள். கண்ணாத்தாள் முன்னால், மற்ற இருவரும் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் சோணை திரும்பி வள்ளிக்கண்ணுவைப் பார்த்தான்.

"ஏங்க்கா, கன்னம் இப்படிச் செவந்திருக்கு?"

அண்ணனிடம் சொல்லியாயிற்று. மானேஜரிடம் சொல்லியாயிற்று. இவனிடம் இன்னும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கால் நின்றது. பெரிய பரீட்சை இனிமேல்தான்.

"சோணை, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

கண்ணாத்தாள் திரும்பவில்லை.

"நடந்துக்கிட்டே சொல்லு" என்றாள். "கஞ்சி ஆறுது."